வலிக்காத இடம்

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தாறு. எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வரிசை இப்படித் தலைகீழாகத்தான் இருந்தது.

குரு, டாக்டர் ஹபீபா. வாய்ப்புற்று எப்படிப் பிறக்கிறது, பக்கத்துச் சதைக்குள் எப்படி நுழைகிறது என்று பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். அதிகம் பேச மாட்டார். சீடர் வீரபத்திரன், பல் டாக்டர். வத்தலக்குண்டில் முப்பது வருடம் நடத்திய கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று அவர் மனைவி கேட்டாராம். அதையும் அவரேதான் எங்களிடம் சொன்னார்.

நான் பால்ச்சாமி. நோயாளியின் வாயிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் கொடுப்பது என் வேலை. வெட்டுவது நான், பெயர் வாங்குவது அவர்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வீரபத்திரன் வந்த முதல் நாளே சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த ஒரு மெழுகுக் கட்டி. தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"இது என்ன?" என்றார் ஹபீபா.

"அழகுப்பிள்ளை, மேடம்."

அழகுப்பிள்ளை அவர் கிளினிக்குக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்தவள். எந்நேரமும் கன்னத்தில் புகையிலை அடக்கியிருப்பாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், அந்தக் கன்னத்தில் ஆறாத புண்ணோடு வந்து இவர் முன்னால் வாயைத் திறந்தாள். ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று இவர் சொன்னதும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி வேணாம் டாக்டரே. வலிக்காம எடுக்கறதுன்னா எடுங்க. இல்லாட்டி நான் கடைக்குப் போறேன்."

இவர் இளகிய மனசுக்காரர். "வலிக்காதும்மா," என்றார். அந்த மாதிரிப் புண்ணில் ஓரம் தொட்டாலே துடிக்கும். நடுப்பகுதி செத்த சதை, கிள்ளினாலும் தெரியாது. இவர் நடுவில் கிள்ளினார். அந்தத் துணுக்குதான் இந்த மெழுகுக்குள் இருப்பது. புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் அழகுப்பிள்ளை கேசரி கொடுத்தாளாம். எட்டு மாதம் கழித்துப் பாதித் தாடையை எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள்; கதிர்வீச்சை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாளா மேடம்? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

ஹபீபா அந்தக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதல்ல ஸ்லைடு பார்க்கக் கத்துக்கங்க," என்றார்.

கற்றுக்கொண்டார். ஒரு வருடம் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. வருகிற ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட்டை அவர் எழுதி வைப்பார், மேடம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆனால் மாதத்துக்கு ஒருதடவை, அமாவாசைத் தர்ப்பணம் மாதிரி, அந்தக் கேள்வி வந்துவிடும்.

"அந்தக் கட்டியை எப்போ வெட்டலாம் மேடம்?"

எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். ஒரு மனுஷன் செத்தவளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தால், உயிரோடு இருக்கிற நாம் அவரிடம் என்னத்தைப் பேசுவது?

போன திங்கட்கிழமை காலையில் மேடம் என்னைக் கூப்பிட்டார். "பால்ச்சாமி, அழகுப்பிள்ளையை வெட்டுங்க. முழுசும்."

முழுசும் வெட்டினால் மிச்சம் இருக்காது. நான் வீரபத்திரனைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

வெட்டினேன். நாடாவாக வந்ததை வெந்நீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்தினேன். இது முப்பது வருடக் கை. ஒரு சீவல்கூடக் கிழியவில்லை. மொத்தம் நாற்பது தகடு. வீரபத்திரன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

கடைசித் தகட்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணுமே இல்லை மேடம். செத்த சதை, சீழ். அவ்வளவுதான்."

"ஆமா."

"நாம புதுசாப் பண்றோமே, அந்த ஜீன் சோதனை? அதுல ஏதாவது..."

"அதுக்கு நோய்பட்ட செல் கொஞ்சமாவது வேணும். அது ஓரத்துல இருந்திருக்கும். இதுல ஓரம் இல்லை."

"அப்போ என் கேள்விக்கு?"

"இதுல பதில் இல்லை டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பதினோரு வருடம் பத்திரப்படுத்திய கட்டி, ஒரு நாளில் தீர்ந்துபோயிருந்தது.

மேடம் தன் இழுப்பறையிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"இதையும் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இதுவும் அதேதான். செத்த சதை. இது எத்தனாவது வெட்டு, பால்ச்சாமி?"

அது நான் அன்று வெட்டியது இல்லை.

"இது மூக்காயி," என்றார் மேடம். "நத்தம் பக்கம். புளி உடைக்கிற அம்மா. நாக்கு ஓரத்துல புண்ணு. வெளியூர் டாக்டர் ஒருத்தர் எடுத்து அனுப்பினது. போன வாரம் நீங்கதான் பார்த்தீங்க."

ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வீரபத்திரன் எழுதியது. 'அனுப்பப்பட்ட சதையில் புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை.' அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எடுத்தது செத்த இடம், மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை. உலகத்தில் யார் அதை எழுத மறந்தாலும் இவர் மறந்திருக்கக் கூடாது.

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். பிறகு கீழே காலியாக இருந்த கையெழுத்து இடத்தைப் பார்த்தார். "நல்லவேளை, நீங்க இன்னும் கையெழுத்துப் போடலை."

"வெள்ளிக்கிழமை அந்தம்மா கவுண்டருக்கு வந்துச்சா?" என்று கேட்டார் மேடம்.

வந்தது எனக்கும் தெரியும். ரிப்போர்ட்டுக்கு நாலு நாள் ஆகும் என்று கவுண்டரில் சொன்னதைக் கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் போன வீரபத்திரனுக்குப் பொறுக்கவில்லை. பெயரைக் கேட்டார். "பயப்படாதீங்கம்மா, ஒண்ணுமில்லை," என்று வாயாலேயே சொல்லிவிட்டார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இவர் ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்த முகத்தோடு வந்து, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"வந்துச்சு மேடம்," என்றார் இப்போது.

மேடம் ரிப்போர்ட்டோடு இருந்த சீட்டைத் திருப்பி வைத்தார். அதில் ஒரு போன் நம்பர் இருந்தது.

வீரபத்திரன் தன் போனை எடுத்தார். இடது காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நாலாவது மணியில் எடுத்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். வெள்ளிக்கிழமை பாத்தோமே, அந்த டாக்டர்."

"ஐயா! சொல்லுங்கய்யா. நல்லா இருக்கீங்களா? மாசிக்குப் பூக்குழி எறங்கறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்புட்டேன்யா. உங்க வாய் நல்ல வாயி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. துணுக்கு எடுத்த இடம் சரியில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும். நாளைக்கே வாங்க."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் புளி உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சுத்தியலைக் கீழே வைத்திருக்க வேண்டும், சத்தம் ஒன்று குறைந்தது.

"மறுபடியுமா?" என்றாள். "போன தடவை வலிக்கவே இல்லைய்யா. இந்தத் தடவை வலிக்குமா?"

வீரபத்திரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்லட்டும்?"

"அழகுப்பிள்ளை கேட்டப்போ என்ன சொன்னீங்க?" என்றார் ஹபீபா.

வீரபத்திரன் போனிலிருந்து கையை எடுத்தார்.

"வலிக்கும்மா," என்றார். "ஊசி போட்டுத்தான் எடுப்போம். அந்த ஊசியே வலிக்கும். புண்ணோட ஓரத்துல எடுக்கணும். ரெண்டு மூணு நாள் காரமாச் சாப்பிட முடியாது. ஆனா நீங்க வந்திரணும்."

அந்தப் பக்கம் புளி உடைக்கிற மிச்சச் சத்தமும் நின்றது. வைத்துவிட்டாளோ என்று நான் பயந்தேன்.

"வர்றேன்யா," என்றாள் மூக்காயி. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் போனை வைத்ததும் வீரபத்திரன் ரிப்போர்ட்டை இழுத்து, 'எடுத்தது செத்த இடம், மறுபடி எடுக்க வேண்டும்' என்று அடியில் எழுதினார்.