கொட்டு என்றார் மகாராஜா

என் கை பானைக்குள் பாதி இறங்கிவிட்டது. உள்ளே இருப்பவள் செல்லாயி, உள்ளங்கை நீளக் கருந்தேள். சாதாரண நாளிலேயே அவளுக்கு முன்கோபம். இப்போதோ பிள்ளை பெற்றவள். அரிசிமணி போல வெள்ளை வெளேரென்று குஞ்சுகள் அவள் முதுகை மூடிக்கொண்டிருந்தன. சபை முழுக்க என் விரலையே பார்த்தது. நான் கையை எடுக்கவில்லை. பதினாறு வயது அரண்மனை விகடன் நடுங்கினால் அதையும் வேடிக்கை என்றுதான் சிரிப்பார்கள்.

முன்னொரு காலத்தில் என்று பிறகு யாராவது இதைச் சொல்லட்டும். எனக்கு இது நேற்று நடந்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அடுத்த நாட்டு ராஜா சிறுத்தை வளர்க்கிறாராம். எங்கள் மகாராஜாவுக்கு யாரும் வளர்க்காத ஒன்றை வளர்க்க ஆசை. தேள் என்றேன், விளையாட்டாக. அவர் சிரிக்கவில்லை. வேலையை என் தலையில் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் தனிப் பானை, ஈர மணல், ஒளிந்துகொள்ள ஓட்டுத்துண்டு, தின்னக் கரப்பான். இரண்டை ஒன்றாக விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். செல்லாயி பிள்ளை பெற்றதும் மகாராஜா தினமும் என் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்.

பிரதானி திருமேனிராயருக்கு அது பொறுக்கவில்லை. கையால் வளர்த்த தேள் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று மகாராஜாவின் காதில் ஓதி, கட்டளையும் வாங்கிவிட்டார். நான் பானைக்குள் கை விட வேண்டும். மகாராஜா சொல்லும்போது கொட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நான் நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

கொட்டினால் கை போச்சு. கொட்டாவிட்டால் ஊரே போச்சு.

"கட்டளைய இன்னொரு தடவ சொல்லிடுங்க சாமி. காதுல சரியா விழல," என்றேன்.

திருமேனிராயருக்கு அதில் தனி இன்பம். "மகாராஜா 'கொட்டு'ன்னு சொல்வாங்க. சொன்ன உடனே கொட்டணும். அவ்வளவுதான்டா தம்பி. இதுகூடப் புரியலயா?"

"இப்பத்தான் புரிஞ்சுது."

விரல்களைப் பானை விளிம்பின் உள்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டேன். மகாராஜா கனைத்துக்கொண்டார்.

"கொட்டு."

பானையைத் தூக்கிக் கவிழ்த்தேன். மணல், ஓடு, செல்லாயி, பிள்ளைகள் எல்லாம் பிரதானி உட்கார்ந்திருந்த வெள்ளை விரிப்பில் விழுந்தன. அவர் எப்படிச் சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்தபடியே, நான் ஏமாற்றுகிறேன், கொட்ட வேண்டியது தேள்தான் என்று கத்தினார்.

"யாரு கொட்டணும்னு நீங்க சொல்லவே இல்லயே சாமி," என்றேன். "மகாராஜா கொட்டுன்னாங்க. கொட்டிட்டேன். முந்தவும் இல்ல, பிந்தவும் இல்ல."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொட்டு வாங்காத கை என்று சொல்லித் தம் பொற்காப்பைக் கழற்றி எனக்குப் போட்டார். இனித் தேள்களுக்குக் கரப்பான் பிடித்துத் தருவது பிரதானியின் வேலை என்றும் அறிவித்தார்.

செல்லாயியைப் பானையால் மூடிப் பிடித்தேன். வெள்ளை விரிப்பில் வெள்ளைக் குஞ்சுகளை மயிலிறகால் தேடித் தேடிக் கூட்டி அவளிடம் விட்டேன். பிரதானி மெல்ல இறங்கினார். மகாராஜா மட்டும் இன்னும் சிம்மாசனத்தில் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் வந்தாச்சாப்பா?"

"வந்தாச்சு மகாராஜா," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"சரி, மொத்தம் எத்தன இருந்துச்சு?"