நூறு பேருக்கு ஒரு சொட்டு

தெற்கே ஊசிக்காட்டுக்குளம் என்றொரு ஊர் இருக்கிறது. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வரைபடம் போட வந்த அதிகாரி ஊர்க்காரர்களிடம் வழி கேட்டார். அவர்களும் நல்ல மனசோடு சொன்னார்கள். மனிதர் இன்னும் ஆபீஸுக்குத் திரும்பவில்லை என்று கேள்வி.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒரு சமையல்காரர். வயது முப்பத்தாறு. ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டவர் அவர்தான். தன் கல்யாணத்துக்கு மட்டும் அடுப்புப் பற்றவைக்க வாய்க்கவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று நடந்துவிடும். போன தடவை போன வீட்டில், "கையை நனைச்சிட்டுப் போங்க" என்று உபசாரம் செய்தார்கள். கொம்பையா நேரே கிணற்றடிக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை, பாவம்.

கடைசியாக உலகம்மாளைப் பார்க்கப் போனார். அவள் அப்பா பேச்சிமுத்து உள்ளே பார்த்து, "டம்ளரைக் கொண்டாம்மா" என்றார். உலகம்மாள் தட்டில் ஆறு டம்ளரை அடுக்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஆறும் காலி. "காப்பி எங்கம்மா?" என்று அப்பா கேட்டதற்கு, "நீங்க டம்ளருன்னுதான சொன்னிய" என்றாள். கொம்பையாவுக்கு நெஞ்சு அப்படியே உருகிவிட்டது. இத்தனை தெளிவான பெண்ணை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

பேச்சிமுத்துவும் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவர் ஏலக்காய் மண்டியில் நாற்பது வருஷம் தரம் பிரித்தவர், மூக்கால் பிழைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே இது எந்தத் தோட்டத்துக் காய், எந்த மாசம் பறித்தது என்று சொல்லிவிடுவார்.

"மாப்பிள்ளை, நீரு நகை நட்டு கேக்கல. எனக்கு ரொம்ப சந்தோசம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நிச்சயத்தன்னைக்கு நீரே சமையும். நாப்பது பேரு வருவாவ. பாயசத்துல ஏலக்கா வாசம் அளவா இருக்கணும். கூடினாலும் தாம்பூலம் மாத்த மாட்டேன், கொறஞ்சாலும் மாத்த மாட்டேன்."

கொம்பையாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஏலக்காய் விற்கிற விலைக்கு நல்ல காயைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாது. கட்டுப்படியாகிற காயில் வாசனை கிடையாது. டவுனில் ஏலக்காய் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, தன்னிடம் வேலை பார்க்கிற சுடலை, மாசானம், தளவாய் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். தளவாய் எட்டாவது வரைக்கும் படித்தவன். கணக்கு வழக்கு எல்லாம் அவன் பொறுப்பு. மாசானம் ஒரு கையில் ஐந்து லிட்டர் கேனும் இன்னொரு கையில் புனலும் எடுத்து வந்திருந்தான்.

தைலக் கடைக்காரர் பெருவிரல் அளவு புட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மாசானம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "அண்ணாச்சி, இதுல ஒரு அப்பளம்கூட முங்காதே."

"இது பொரிக்கிற எண்ணெய் இல்லப்பா. வாசனைக்கு" என்றார் கடைக்காரர்.

சுடலை பக்கத்தில் இருந்த புட்டியைக் காட்டினான். "இது இன்னும் மலிவா இருக்கே?"

"அது நீலகிரித் தைலம். சளிக்குத் தேய்க்கிறது."

"எங்க அண்ணாச்சிக்கு மாமனாரா வரப்போறவருக்கும் சளி உண்டு. பாயசத்துலயே ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்லா?"

கடைக்காரர் பதறிப்போனார். "அய்யய்யோ, அதெல்லாம் வயித்துக்குள்ள போகக்கூடாது. ஆளையே கொண்டுபோயிரும்."

"எங்க கொண்டுபோகும்?" என்று தளவாய் விவரம் கேட்டான்.

கடைக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு கொம்பையாவின் கையைப் பிடித்து அந்தச் சின்னப் புட்டியை வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "சாப்பாட்டுக்குன்னே எடுத்த ஏலக்காய் எண்ணெய் இது ஒண்ணுதான். வேற எதையும் தொடாதீங்க. மூடியைத் தொறந்து போட்டா வாசனை பறந்துரும். ஒரு சொட்டு நூறு பேருக்கு. புரியுதா? நூறு பேருக்கு ஒரே ஒரு சொட்டு."

புரிந்தது என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

நிச்சயத்தன்று காலையில் பேச்சிமுத்து வீட்டுப் பின்கட்டில் அடுப்பு எரிந்தது. வாசனை பறந்துவிடக் கூடாதே என்று சுடலை ஜன்னலையெல்லாம் போர்வையால் அடைத்தான். மாசானம் வாசலை மறித்து, கையில் கொசுவலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான், தப்பிப் பறந்தாலும் பிடித்துவிடலாம் என்று. புகையில் நாலு பேருக்கும் கண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. சிறுபருப்புப் பாயசம் இறக்கி வைத்தாயிற்று. கொம்பையா புட்டியைத் திறக்கப் போனார்.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்றான் தளவாய். "விருந்துக்கு எத்தனை பேரு?"

"நாப்பது."

"சொட்டு எத்தனை பேருக்கு?"

கொம்பையா புட்டியைக் கீழே வைத்தார். "நூறு பேருக்கு."

"நூறு பேரு வாசத்தை நாப்பது பேரு குடிச்சா என்னாகும்? கூடிப்போகும்லா? கூடினா அவரு தாம்பூலம் மாத்த மாட்டாரே!"

கொம்பையாவின் கண்முன்னால் ஆறு காலி டம்ளரும் உலகம்மாளும் வந்து போனார்கள். இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போய்விடும்போல இருந்தது. "ஏலே, ஏதாவது செய்யுங்கலே" என்றார்.

"சொட்டைக் கொறைப்போம்" என்றான் சுடலை. "நூத்துல நாப்பது பங்கை மட்டும் வெட்டி எடுத்துக்கிடுவோம்."

வாழையிலைத் துண்டில் ஒரு சொட்டு விட்டார்கள். கொம்பையா அரிவாள்மணையில் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, இலையைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினார். இலை ரெண்டாயிற்று. சொட்டைக் காணோம். சுடலை தரையில் குனிந்து தேடினான். மாசானம் வலையை உதறிப் பார்த்தான். அதற்கப்புறம் அதே அரிவாள்மணையில் அரிந்த கத்திரிக்காயெல்லாம் ஏலக்காய் மணத்தது. சாம்பாரும் மணத்தது.

"சொட்டை வெட்ட முடியலைன்னா, ஆளைக் கூட்டணும்" என்றான் தளவாய். "நாப்பது போக இன்னும் அறுபது பேரு. நூறு ஆயிட்டா சொட்டும் சரி, வாசமும் சரி."

"சாப்பாடு நாப்பது பேருக்குத்தானல இருக்கு?" என்றார் கொம்பையா.

"சாப்பாடு கொறையக்கூடாதுன்னு அவரு சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தார்கள். சொல்லவில்லை. தளவாயின் மூளையை நினைத்துக் கொம்பையாவுக்குப் பெருமையாக இருந்தது. படிப்பு படிப்புதான்!

பேச்சிமுத்து வீடு பஸ் ரோட்டோரம். தளவாய் நடுரோட்டில் போய் ரெண்டு கையையும் விரித்து நின்றான். உச்சிப்பொழுது டவுன் பஸ் கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்னவே, சாகணுமா?"

"இல்ல, அறுபது பேரு வேணும்."

கண்டக்டர் உள்ளே திரும்பி எண்ணிப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார். "அம்பத்தெட்டுதான் இருக்கு."

"நீங்களும் டிரைவரும்?"

"அட ஆமா! சரியா அறுபது!"

எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாதான், "என்ன விசேஷம்?" என்றார். "பாயசம்" என்றான் தளவாய். அடுத்த நிமிஷம் பஸ் காலி.

அறுபது பேரும் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் பேச்சிமுத்து அசந்துபோனார். மாப்பிள்ளைக்கு இத்தனை சொந்தபந்தமா என்று அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. தளவாய் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனான். கடைசியில் அவன் முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, நூத்திரெண்டு!"

"நாப்பதும் அறுபதும் நூறுதானல?"

"நீங்களும் பொண்ணும் ரெண்டு பேரு இருக்கியளே!"

மறுபடியும் ஆலோசனை. சமையல்காரர்கள் மூன்று பேரும் பந்தி முடிந்துதான் சாப்பிடுவார்கள், அதனால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் பந்தியில் உட்கார்ந்தே ஆகவேண்டும். ரெண்டு பேர் கூடினால் வாசம் குறையும். குறைந்தால் தாம்பூலம் கிடையாது.

"ரெண்டு பேரை வெளிய அனுப்பிருவோம்" என்றான் மாசானம்.

"சொந்தக்காரனை அனுப்பினா ஏழு தலைமுறைக்குப் பேசமாட்டான்" என்றான் சுடலை.

"பஸ்காரங்களை அனுப்பவே முடியாது. நமக்காக எறங்கி வந்தவுக" என்றான் தளவாய். "கோவிச்சுக்கிடாத ஆளா ரெண்டு பேரு வேணும். இது அவங்க வீட்டு விசேசம்னு நெனக்கிற ஆளா இருக்கணும்."

மூன்று பேரும் மெதுவாகக் கொம்பையாவைப் பார்த்தார்கள்.

கொம்பையா தோளில் கிடந்த மாலையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே உலகம்மாளும் பட்டுச்சேலையும் மாலையுமாக வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் என்று இருந்தது ரோட்டில் நின்ற பஸ் மட்டும்தான். ரெண்டு பேரும் அதில் ஏறி, முன்சீட்டில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கூடத்து ஜன்னல் நேராகத் தெரிந்தது.

"ஒனக்கு வருத்தமா?" என்று கேட்டார் கொம்பையா. பெண்ணோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இல்ல. உள்ள இருந்தா நம்மளப் பேசவிட மாட்டாவ" என்றாள் உலகம்மாள். "நமக்கு இந்த நூறுதான் ராசி போல."

உள்ளே பாயசத்தில் சொட்டு விழுந்தது. இலைக்கு ஒரு அகப்பைச் சோறு, அதன்மேல் மணக்க மணக்கச் சாம்பார், ஆளுக்கு ரெண்டு முழுங்கு பாயசம். பேச்சிமுத்து தன் டம்ளரை எடுத்தார். மூக்கின் கீழே வைத்துக் கண்ணை மூடினார். கொம்பையா பஸ் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தார். பேச்சிமுத்து ஒரு முழுங்கு குடித்தார். இன்னொரு முழுங்கு குடித்தார். டம்ளரைத் தட்டிப் பார்த்தார், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"அளவுன்னா இதுதான்வே அளவு!" என்று கத்தினார். "கூப்பிடுங்க மாப்பிள்ளையை!"

"கூப்பிடக்கூடாது" என்றான் தளவாய். "அவரு உள்ள வந்தா நூத்தி ஒண்ணு. வாசம் கொறஞ்சிரும்."

பேச்சிமுத்து ஒரு நிமிஷம் யோசித்தார். நாற்பது வருஷம் அளவு பார்த்த மனிதர் அல்லவா, நியாயம் உடனே பிடிபட்டது. "அதுவும் சரிதான். அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி, கொம்பையாவின் தாய்மாமனோடு தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டார். குலவைச் சத்தம் பஸ் வரைக்கும் வந்தது. கொம்பையா பெரிய ஆள் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார். உலகம்மாள் அந்த ஒரு சாண் இடத்தையும் நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையை நீட்டினாள்.

பந்தி முடிந்து ஐம்பத்தெட்டுப் பயணிகளும் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து ஏறினார்கள். டிரைவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் எண்ணினார்.

"வரும்போது அறுபது. இப்ப அறுபத்திரெண்டு" என்றார். பந்தியில் தளவாய் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணியதை உட்கார்ந்து பார்த்தவர் அவர். "ரெண்டு பேரு எறங்கணும்."

கொம்பையா மரியாதையாக எழுந்தார்.

"நீங்க ஒக்காருங்க மாப்பிள்ளை! மாலையும் கழுத்துமா இருக்கவுகளை எறக்கிவிட்டா நல்லாவா இருக்கும்?" என்று கண்டக்டர் அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தார். பயணிகளைப் பார்த்தார். எல்லாரும் டிக்கெட் எடுத்தவர்கள். யாரை இறக்கினாலும் கோபித்துக்கொள்வார்கள். டிரைவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். டிரைவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொந்த வண்டி மாதிரி பத்து வருஷமாகப் பார்த்துக்கொள்கிற ஆட்கள், அவர்கள் ரெண்டு பேருக்கும் என்ன கோபம் வந்துவிடப் போகிறது? ரெண்டு பேரும் சந்தோஷமாக இறங்கி, ரோட்டோரம் போய் நின்றார்கள்.

கண்டக்டர் விசில் ஊதினார். "ரைட், ரைட்!"

வண்டி நகரவில்லை. இன்னொரு தடவை ஊதினார். அப்போதும் நகரவில்லை. மூன்றாவது தடவை ஊதியதும் பக்கத்தில் நின்ற டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவம்வே வண்டி ஓட்டுதவன்?" என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். "இந்தா பெரிய மனுசன் எத்தனை தடவை விசில் அடிக்காரு, காது கேக்கலையா ஒமக்கு?"