பெரியப்பா காய் சாப்பிடுகிறார், எல்லோரும் பாருங்கள்

ஒரு வீட்டில் சில முட்டாள்கள் இருந்தார்கள் என்று கதை சொல்பவர்கள், அது யார் வீடு என்று மட்டும் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. துறையூரில் எங்கள் வீடுதான் அது. அண்ணன் மாணிக்கவாசகம், என் மனைவி கோமதி, நான். நாலு வயது மகன் செழியனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவனுக்கு அப்போதே எங்களைவிட விவரம் அதிகம்.

செழியன் காய்கறியைத் தொடமாட்டான். சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயைக்கூட விருந்தாளியைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்றுதான் பார்ப்பான். நாமக்கல்லில் இருக்கும் எங்கள் திலகவதி அக்காவின் காதுக்கு இது எட்டிவிட்டது. அவள் போனில் சத்தமே போடாமல் சொன்னாள்.

"அடுத்த மாசம் வருவேன். அதுக்குள்ள பையன் காய் சாப்பிடலைன்னா என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். இங்கயே ஸ்கூல்ல சேர்த்துடுறேன்."

அக்கா சொன்னால் செய்கிறவள். அவன் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அண்ணனுக்கு உலகமே அவன்தான். அன்று சாயங்காலம் எங்கள் ஜெராக்ஸ் கடையைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மூன்று பேருமாகக் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் நிதானமாக நிறையச் சொன்னார். அத்தனையையும் ஒரே தலையில் ஏற்றினால் கீழே சிந்திவிடும் என்று, ஆளுக்கொரு யோசனையைப் பிரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பெரியவர்கள் காய் சாப்பிடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பது அண்ணன் பங்கு. கட்டாயப்படுத்தாமல் தட்டில் கொஞ்சம் வைக்க வேண்டும், அவன் ஒதுக்கினால் அதை மறுநாளும் வைக்க வேண்டும் என்பது கோமதி பங்கு. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் பங்கு. யாரும் அடுத்தவர் பங்கில் தலையிடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவருக்கும் காய் பிடிக்காது. அப்பளத்தால் வளர்ந்த உடம்புகள். அதிலும் அண்ணன், கத்தரிக்காய் வாசனை வந்தால் தெருவில் இறங்கிவிடுவார். ஆனாலும் பிள்ளைக்காகத் துணிந்தார். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, காயை வாயில் போட்டு ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளுவார். பிறகு கண்ணீரோடு சிரிப்பார்.

செழியன் பார்க்காமல் ஒரு வாய்கூட வீணாகக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். அவன் திரும்பிக்கொண்டால் இவர் திறந்த வாயோடு காத்திருப்பார். அவன் தெருவுக்கு விளையாடப் போனால் இவரும் தட்டோடு பின்னால் ஓடுவார். பிள்ளைக்குச் சோறூட்டத் துரத்துகிறவர்களை எங்கள் தெரு பார்த்திருக்கிறது. பிள்ளையைத் துரத்திக்கொண்டு தானே சாப்பிடுகிறவரை அப்போதுதான் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

கோமதி தன் பங்கைச் சத்தமில்லாமல் செய்தாள். முதல் நாள் ஒரு துண்டு பீன்ஸை அவன் தட்டில் வைத்தாள். அவன் ஒதுக்கினான். அதைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்து வைத்தாள். அவன் மறுபடி ஒதுக்கினான். இப்படியே தினமும் அந்தத் துண்டு தட்டுக்கு வருவதும் டப்பாவுக்குப் போவதுமாக இருந்தது. நாளாக நாளாக அது சுருங்கிக் கறுத்து ஆணிபோல் ஆனது. செழியனுக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் அது வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பான்.

என் பங்கு சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் கேன் போட அருளப்பன் வந்தார். கேனை இறக்கிவிட்டுக் கிளம்பியவரை மறித்தேன். இந்த நிமிடம் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினேன். அவர் மறுப்பே சொல்லாமல் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு கேன் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் சரியாக அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் காய் சாப்பிடும் ஒரே மனிதர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

வினையும் அதில்தான் வந்தது. அக்கா வருவதற்கு முந்தின நாள், செழியன் ஒதுக்கி வைத்திருந்த பீன்ஸை அருளப்பன் பேச்சுவாக்கில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஏதோ வற்றல் என்று நினைத்தாராம். செழியன் ஓவென்று அழுதான். நாங்கள் கூடிப் பேசினோம்.

"வேற ஒண்ணு வெச்சிடட்டுமா மாமா?" என்று கோமதி அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். "டாக்டரம்மா, ஒதுக்கினதை மறுநாளும் வைன்னு சொன்னாங்க. புதுசை இவன் இன்னும் ஒதுக்கவே இல்லையே. அதை எந்த முகத்தோட வைக்கிறது?"

"அப்போ முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்ணே" என்றேன். "அக்கா நாளைக்கு வருது."

மூன்று பேரும் காலி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அருளப்பன் மட்டும், தான் விழுங்கியது நன்றாகத்தான் இருந்தது என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் அக்கா வந்தாள். வந்த கையோடு அடுப்படியில் புகுந்து தேங்காய் தூவிப் பீன்ஸ் பொரியல் செய்தாள். அருளப்பன் உட்பட எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறினாள். செழியன் தட்டில் ஒரு கரண்டி நிறைய விழுந்தபோது, போச்சு, பிள்ளை போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செழியன் பொரியலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வாய் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்கினான்.

"ஏன்டா கண்ணு மூக்கைப் பிடிக்கிற?" என்றாள் அக்கா.

"காய் இப்படித்தான் சாப்பிடணும் அத்தை. பெரியப்பா தினம் காட்டுவாரு."

"கையை எடுத்துட்டுச் சாப்பிட்டுப் பாரு."

கையை எடுத்துவிட்டு இன்னொரு வாய் சாப்பிட்டான். மெதுவாக மென்றான். இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அக்காவுக்கும் சந்தோஷம். ஆனால் அவள் பார்வை அப்படியே எங்கள் தட்டுகளுக்கு வந்தது. என் பொரியல் அப்பளத்துக்கு அடியில் பதுங்கியிருந்தது. அண்ணனுடையது எப்படியோ அருளப்பன் தட்டுக்குக் குடிபோயிருந்தது. கோமதியின் தட்டில் மட்டும் ஒன்றுமில்லை. அவள் சமையல்கட்டிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"பையன் தேறிட்டான், இங்கயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "கோமதி, நீ அவனைப் பார்த்துக்க. டேய், நீங்க ரெண்டு பேரும் துணியை எடுத்து வைங்க. ஒரு மாசம் என் வீட்டுச் சாப்பாடு."

எங்களுக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை. செழியன் வீட்டைவிட்டுப் போகவில்லை, அது போதும். கடையைப் பூட்டிவிட்டுப் பையோடு வாசலுக்கு வந்தோம். அங்கே அண்ணன் சட்டென்று நின்றுவிட்டார்.

"நாம அங்க காய் சாப்பிடும்போது இவன் பார்க்க வேணாமா?"

நியாயமான கேள்வி. செழியனையும் கிளப்பினோம். அவன் போனால் யார் தட்டில் வைப்பது என்று கோமதியும் டப்பாவோடு கிளம்பினாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாமக்கல் பஸ்ஸில் அவள் நெற்றியில் கைவைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். செழியன் அண்ணன் மடியில் தூங்கிவிட்டான். அண்ணன் அவன் தலையைத் தடவிக்கொண்டே என் காதருகே குனிந்தார். முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை.

"பையனைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு எவ்வளவு மிரட்டுச்சு, பார்த்தியா? கடைசில அக்காவால முடிஞ்சுதா? நாமளேதான் கூட்டிட்டுப் போறோம்."