எண்ணாயிரம் இலை

முத்தலைத்துறையை மாறவேள் ஆண்டுவந்த காலத்தில், ஒருநாள் காலை துறைக்கு எதிரே நாற்பது கப்பல்கள் வந்து நங்கூரம் பாய்ச்சின. முப்பத்தொன்பதும் அல்ல, நாற்பத்தொன்றும் அல்ல. எல்லாம் எதிர்த்தீவு அரசனுடையவை. மாறவேளிடம் இருந்தவை ஒன்பது. அவற்றிலும் இரண்டு பழுதாகிக் கரையேறிக் கிடந்தன.

தீவரசனின் தூதன் வச்சிரநாதன் சபைக்கு வந்தான். கப்பலுக்கு இருநூறு வீரர், ஆக எண்ணாயிரம் பேர் என்றான். முத்துக்குளிக்கும் கடலில் பாதியை மூன்று நாளில் எழுதித் தராவிட்டால் அத்தனை பேரும் கரையிறங்குவார்களாம். அறுநூறு குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்தக் கடல்தான்.

தூதன் விருந்தினர் மாளிகைக்குப் போனதும் மன்னர் சபையைப் பார்த்தார்.

"அம்பும் எய்யக்கூடாது. என் தலையும் குனியக்கூடாது. கப்பல்கள் போகவேண்டும். யாரால் முடியும்?"

மடைப்பள்ளி அதிகாரி குணவாயிலார் எழுந்தார். சேனாதிபதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குழம்புக்கு உப்புப் பார்க்கிறவர் கப்பலுக்கும் பதம் பார்க்கப் போகிறாரோ என்றார்.

"பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்" என்றார் குணவாயிலார்.

உண்மைதான். சபைக்கு வருமுன் அவர் கரையில் நின்று புகையை எண்ணியிருந்தார். நாற்பது கப்பலில் மூன்றில்தான் அடுப்பு புகைந்தது. இருநூறு பேர் இருக்கிற இடத்தில் உலை வைக்காமல் எப்படி முடியும்? மற்றவற்றில் பாய் இழுக்க நாலைந்து பேர்தான் இருக்கவேண்டும், அவர்களுக்கு அந்த மூன்று கப்பலின் சோறே போதும். ஆனால் இதைத் தூதனிடம் சொன்னால் இல்லையென்று சாதிப்பான். ஏறிப் பார்க்கவும் விடமாட்டான். பகைவனை எவன்தான் கப்பலில் ஏற்றுவான்? கணக்குத் தப்பினால் எண்ணாயிரம் வாள் கரையிறங்கும். அதை நினைத்து அன்று அவருக்கே சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடற்கரையில் வரிசையாக நாற்பது அடுப்புகள் எரிந்தன. குணவாயிலார் வெற்றிலைத் தட்டோடு தூதனிடம் போனார். துறைக்கு வந்தவர்களைப் பட்டினி போட்டால் மன்னருக்குப் பழி என்றார். விருந்து கப்பலுக்கே வரும் என்றும் சொன்னார்.

தூதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சரி. படகில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்."

"சோற்றைக் கொட்டிவிட்டு வருகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை, தூதரே. இலை போட்டு, முகம் பார்த்து, மறுசோறு கேட்டுப் பரிமாறவேண்டும். கப்பலுக்குப் பத்துப் பேர் ஏறுவார்கள். எண்ணாயிரம் இலை நறுக்கியாயிற்று."

தூதனுக்கு வியர்த்தது. எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். பிறகு, வீரர்கள் எல்லோரும் இன்று விரதம் என்றான்.

"எண்ணாயிரம் பேருமா? இன்று பஞ்சமி ஆயிற்றே. உங்கள் தீவில் ஏகாதசி முந்திக்கொண்டு வந்துவிடுமோ?"

"எங்கள் வழக்கம் வேறு."

"இருக்கட்டும். விரதம் இருந்தவர்களைக் காத்திருக்க வைப்பது பாவம். நாளை விடியலில் பாரணைக்கு அகத்திக்கீரையோடு வந்துவிடுகிறோம். முதலில் உங்கள் கப்பல்தான்."

வீரர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று தூதன் படகேறினான். போனவன் திரும்பவில்லை. மறுநாள் பொழுது விடிந்தபோது துறைக்கு எதிரே ஒரு கப்பலும் இல்லை. சேனாதிபதி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

குணவாயிலார் புகைக் கணக்கைச் சொன்னதும் மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். பிறகு ஒரு கவலை வந்துவிட்டது.

"அது சரி, எண்ணாயிரம் பேருக்கு ஆக்கிய சோற்றை இப்போது என்ன செய்வது?"

"சோறு ஏது, அரசே? நாற்பது பானையிலும் கொதித்தது கடல்தண்ணீர்தான். ஆளில்லாத கப்பலுக்கு அரிசியில்லாத உலை போதாதா?"