அண்டாவுக்குள் இருந்த சாட்சி

கூவல்நாட்டில் ஒரு காலத்தில் ஏரிக்கரைதோறும் ஒரு பறை தொங்கியது. ஆபத்தைப் பார்த்தவர் அடிப்பார். சத்தம் கேட்டவர் மண்வெட்டியோடு ஓடி வருவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

அமைச்சர் பல்லவராயருக்கு இது அநாகரிகமாகப் பட்டது. கடல் கடந்த ஒரு தேசத்துக்குப் போய் வந்தவர் அவர். வந்ததும் அறுபத்துநான்கு பிரிவுகள் கொண்ட அபாய அழைப்புச் சட்டத்தை எழுதினார். பறைகள் எல்லாம் இறக்கப்பட்டன. ஊருக்கு ஒரு சாவடி, சாவடிக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஓர் அதிகாரி. ஆபத்து நீரைச் சேர்ந்ததா நிலத்தைச் சேர்ந்ததா என்று அதிகாரி விசாரிப்பார். நீர் என்றால் ஒரு மணி, படகுக்காரர்கள் வருவார்கள். நிலம் என்றால் இரண்டு மணி, மண்வெட்டிக்காரர்கள் வருவார்கள். மணி அடிக்காமல் உதவிக்குப் போகக் கூடாது. வேறு வழியில் சத்தம் எழுப்பி ஆட்களைக் கூட்டினால் பிடிபட்ட அன்றே சூரியன் மறைவதற்குள் நாடு கடத்தல். அரசர் சேந்தன் முத்திரை வைத்தார். முதல் சாவடியை அரசவையின் மூலையிலேயே கட்டி, பூசணிக்காய் உடைத்துத் திறந்தார்கள்.

ஐப்பசியில் பெரிய ஏரி உடைப்பெடுத்தது. முதலில் பார்த்தவள் ஆவுடை. கரை வேலைக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள். சட்டப்படிதான் சாவடிக்கு ஓடினாள். நீரா நிலமா என்று அதிகாரி கேட்டார். கரை உடைந்து தண்ணீர் வருகிறது என்றாள். கரை நிலம், தண்ணீர் நீர், இரண்டில் ஒன்றைச் சொல் என்றார் அவர். அவள் திரும்பி ஓடி, கஞ்சி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அகப்பையால் அடித்தாள். அறுபது பேர் வந்தார்கள். உடைப்பு அடைபட்டது. ஊர் பிழைத்தது. மறுநாள் அவளைக் கைது செய்து, கைகளைக் கட்டி அவைக்குக் கொண்டுவந்தார்கள்.

அரசருக்கு அவளை நாடு கடத்த மனமில்லை. ஆனால் முத்திரை அவருடையது. அவையில் இருந்த விகடகவி குழைக்காதரைப் பார்த்தார். வாய் சாதுர்யத்தால் சோறு தின்கிறவர் என்று பல்லவராயர் மறைவில் சொல்வது அவரைத்தான்.

குழைக்காதர் அமைச்சரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "இந்தச் சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தும்?"

"யாராயினும் என்று எழுதியிருக்கிறேன். யாராயினும் என்றால் யாராயினும்தான். ஆள் பார்த்து வளைகிற பழைய காலத்துச் சட்டமல்ல இது."

"எழுதிக்கொள்ளும்" என்று அவை எழுத்தரிடம் சொல்லிவிட்டு, குழைக்காதர் சாட்சிப் பொருளைக் கொண்டுவரச் சொன்னார். நான்கு பேர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். அதில் பாதிவரை கலங்கல் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்று அரசர் கேட்டார். அண்டாவைச் சத்தம் போட வைத்தது ஏரித் தண்ணீர்தானே, அதுவும் விசாரணைக்கு வரட்டும் என்றார் குழைக்காதர்.

சாட்சிப் பொருளைத் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் சேந்தன் தீர்ப்புச் சொன்னதில்லை. அது அவர் வழக்கம். அகப்பை அடித்த இடம் உள்ளே புடைத்திருக்கிறதா என்று பார்க்கக் கையை அடிவரை விட்டுத் துழாவினார்.

பிறகு அவர் போட்ட சத்தம் கோட்டை வாசல்வரை கேட்டது. "ஐயோ, யாராவது வாங்களேன்!"

கை வெளியே வந்தபோது ஆள்காட்டி விரலில் ஒரு வயல் நண்டு தொங்கியது.

காவலர்கள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மணி அடிக்கவில்லையே. பல்லவராயர் தானே அவை மூலையில் இருந்த சாவடிக்கு ஓடினார். கயிற்று அதிகாரி ஓலையை எடுத்தார்.

"ஆபத்து நீரா, நிலமா?"

"நண்டய்யா, நண்டு."

"நண்டு நீரிலும் இருக்கும், வரப்பிலும் இருக்கும். ஒன்றைச் சொல்லுங்கள்."

"நீர்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். "இப்போது அது தண்ணீரில் இல்லையே. பொய்த் தகவலுக்குத் தண்டனை உண்டு. நாற்பத்தோராம் பிரிவு. நீங்கள் எழுதியது."

அரசர் கையை உதற உதற நண்டு இறுக்கியது. அப்போது ஆவுடை, கட்டிய கைகளோடு, யாரையும் கேட்காமல் முன்னால் வந்தாள்.

"உதறாதீங்க சாமி. உதறுனா விடாது." அரசரின் மணிக்கட்டைப் பிடித்து அண்டாத் தண்ணீருக்குள் இறக்கினாள். "ஆடாம வச்சிருங்க. அதுவா விட்டுட்டு நகந்துரும்."

நண்டு விட்டுவிட்டது.

அவை மூச்சு விட்டது. குழைக்காதர் மட்டும் எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"குறித்துக்கொள்ளும். மணி அடிக்கும் முன் உதவிக்குப் போனது, ஆவுடையின் இரண்டாவது குற்றம். கயிற்றை இழுக்காமல் வாயால் சத்தம் எழுப்பி ஆட்களைக் கூப்பிட்டது, அரசரின் முதல் குற்றம். யாராயினும் என்று அமைச்சர் சற்று முன்தான் உறுதி செய்தார். பொழுது சாய்வதற்குள் இருவரும் எல்லையைத் தாண்ட வேண்டும்."

அரசர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு கவலைதான் அரசே" என்றார் குழைக்காதர். "இவள் எங்கே போனாலும் கஞ்சி காய்ச்சிப் பிழைத்துக்கொள்வாள். தங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

சேந்தன் முதலில் முறைத்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடையின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். பறைகளை அன்றே கரையில் திரும்பக் கட்டச் சொன்னார். அண்டாவில் துழாவும் முன் கழற்றி வைத்த தன் மோதிரத்தைக் குழைக்காதருக்குக் கொடுத்தார். வீங்கிய விரலில் அது இனி ஏறாது. ஆவுடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் அண்டாவை மட்டும் கேட்டாள், உள்ளே இருப்பதோடு.

சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஓட்டையை அடைக்க அறுபத்தைந்தாவது பிரிவு ஒன்றே போதும் என்றார் பல்லவராயர். நண்டு நீரா நிலமா என்பதை நேரில் ஆராய்ந்து முடிவெடுக்க, மூன்று அதிகாரிகளோடு மறுநாள் ஏரிக்கரைக்குப் போனார்.

ஆவுடை நாலு பேருக்கும் இலை போட்டாள். நண்டு ரசத்தில் இருந்தது.