கடைசிப் பந்தயத்துக்கு வராதவர்

ஞானம் தேடிக் குருவிடம் போகிறவர்கள் உண்டு. சென்னியப்பன் போனது ஒரு கையெழுத்துக்குத் தைரியம் தேடி.

நாட்டின் பெரிய கார்ப் பந்தயத்துக்கு விதி எழுதுவது அவர் உத்தியோகம். ஆறு வருஷமாக எழுதுகிறார். ஆறு வருஷமாக ஒரே வெள்ளை வண்டிதான் ஜெயிக்கிறது. பத்தாவது சுற்றிலேயே ஜனம் எழுந்து பிரியாணிக் கடைக்கு நடையைக் கட்டிவிடுகிறது. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் பந்தயத்தையே இழுத்து மூட வேண்டியதுதான் என்று சங்கத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷத்து விதிப் புத்தகம் தயார். திங்கட்கிழமைக்குள் சென்னியப்பன் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவருக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் அர்த்தனாரி. அதே நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்துவிட்டு ஒருநாள் எழுந்து போனவர். இப்போது கோவைக்கு வெளியே, பந்தயத் திடலை ஒட்டிய ஒரு வீட்டில் இருக்கிறார். பகலெல்லாம் காலி கேலரியில் போய் உட்கார்ந்துகொள்வார். பெரியவருக்கு வேறு வேலை இல்லை என்று சங்கத்தில் சிரிப்பார்கள்.

சென்னியப்பன் போனபோது உச்சி வெயில். கீழே இரண்டு மூன்று வண்டிகள் பயிற்சி ஓட்டிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசிப் பந்தயம்.

“வா சென்னியப்பா. மூஞ்சி வாடிக் கெடக்குதே. சாப்பிட்டியா?”

“ஆச்சுங்கய்யா.” காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட்டிருக்கவில்லை.

தலையணை கனத்தில் இருந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தார்.

“இதுலயாச்சும் சரியாகுமான்னு நீங்க பாத்துச் சொல்லோணுங்க.”

அர்த்தனாரி அதைத் திறக்கவில்லை.

“இதுவரைக்கும் என்னென்ன பண்ணுனே?”

“ஜெயிச்ச வண்டிக்குப் பாரம் ஏத்துனனுங்க. வண்டியில வேற எடத்துல எடையக் கொறைச்சுக்கிட்டு வந்து ஜெயிச்சாங்க. எல்லாத்துக்கும் டயரை ஒல்லியாக்குனன். பின்னாடி றெக்கையச் சின்னதாக்குனன். இன்ஜினையே மாத்தச் சொன்னன். எதைப் போட்டாலும் அவங்கதானுங்க மொதல்ல வர்றாங்க.”

“இந்தத் தடவை?”

“வண்டியோட அடிப்பாகத்தையே மாத்தச் சொல்லி எழுதியிருக்கறனுங்க. எனக்கு அலுத்துப் போச்சுங்கய்யா. சின்ன ஆளுங்களும் ஜெயிக்கோணும்னுதான் ராத்திரி பகலா எழுதறேன். ஒண்ணும் நடக்க மாட்டேங்குது.”

அர்த்தனாரி சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“வெள்ளை வண்டி ஒரு சுத்துக்கு எவ்வளவு எடுத்துக்குது, அந்த நீல வண்டி எவ்வளவு எடுத்துக்குது, பாரு.”

நீல வண்டி சூலூரில் பட்டறை வைத்திருக்கும் கோகிலவாணியுடையது. சீசனின் முதல் பந்தயத்தில் கடைசியாக வந்த வண்டி. சின்ன ஆள் என்று சென்னியப்பன் சொல்லும்போதெல்லாம் அவர் மனசில் இருந்தது அவள்தான்.

அவர் பார்த்தார். பிறகு கடிகாரத்தைத் தட்டிக் காதில் வைத்தார்.

“கோளாறுங்களா இது?”

“இன்னொருக்காப் பாரு.”

இன்னொரு தரம் பார்த்தார்.

“ரெண்டுக்கும் அரை செகண்டுகூட வித்தியாசம் இல்லீங்களே!”

“மொதப் பந்தயத்துல?”

“சுத்துக்கு நாலு செகண்டு பின்னாடி வந்துச்சுங்க.”

“போன வருசம் கடைசிப் பந்தயத்துல?”



“நான் வரலீங்களே. சீசன் முடியற சமயத்துல ஆபீஸ் ரூமை விட்டு எந்திரிக்கவே முடியாதுங்க. அடுத்த வருசத்துப் புத்தகம் எழுதோணும்.”

“நானும் வந்ததில்ல,” என்றார் அர்த்தனாரி. “பதினோரு வருசமும்.”

ஸ்டாப்வாட்சைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேலைய விட்டப்பறம் சும்மா வந்து உக்காந்து பாத்தேன். போன வருசமும் கடைசீல இதே அரை செகண்டுதான். அதுக்கு முந்துன வருசமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.” எழுந்துகொண்டார். “புத்தகத்த எடுத்துக்க. வா.”

நீல வண்டி ஷெட்டுக்குத் திரும்பியிருந்தது. அதன் அடியில் கிடந்த கோகிலவாணி எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“புதுசுங்களா சார்?”

“உங்களுக்காகத்தாம்மா. அவங்களப் புடிக்க ஒரு வழி பண்ணலாம்னு...”

“என்னங்க மாறுது?”

“அடிப்பாகம்.”

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க ஒண்ணு மாத்துனா, வண்டியப் புரிஞ்சுக்கவே எனக்கு எட்டு மாசம் ஆகுது. நானும் ரெண்டு மெக்கானிக்கும்தான். அவங்ககிட்ட அறுபது பேரு. ஒரே மாசத்துல முடிச்சர்றாங்க. நான் ஒரு மாதிரி புரிஞ்சு, கிட்ட வர்றப்ப, நீங்க புத்தகத்தோட வந்தர்றீங்க.”

வண்டியின் மேல் கையை வைத்தாள்.

“அடிப்பாகம் மாறுனா இது பழைய இரும்புக்குத்தானுங்க போகும். இன்னொண்ணு கட்ட எனக்குத் தெம்பில்ல. அடுத்த வருசம் நான் வரலீங்க சார்.”

சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் இருக்கிறதே.

சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்லலாமா என்று நின்றார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அர்த்தனாரி நடக்க ஆரம்பித்துவிட்டதால் அவரும் பின்னால் போனார்.

“அப்ப ஒண்ணையுமே மாத்தாம விட்டர்றதுங்களா?”

அர்த்தனாரி நடந்துகொண்டே இருந்தார்.

“ஒரு வருசமா ஒக்காந்து என்னத்தக் கிழிச்சேன்னு தலைவர் கேப்பாருங்க.”

“கேப்பாரு.”

“வேலை போனாலும் போயிருமுங்க.”

“போகும்.”

சென்னியப்பன் புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். தோள் வலித்தது.

“சரிங்கய்யா, மாத்தல. கையெழுத்துப் போடல. அந்தம்மாவும் இதே வண்டியோட வர்றாங்கன்னே வெச்சுக்குவோம். அப்பவும் அந்த வெள்ளை வண்டியேதான் ஜெயிச்சா?”

அர்த்தனாரி நின்று, அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஜெயிக்கட்டும். சுத்துக்குச் சுத்து கண்ணாடியில பின்னாடி பாத்துப் பாத்து ஜெயிக்கட்டும்.”