துரையைக் கேட்டுச் சொன்ன கட்டியம்

வேலாவரம் ராஜா விசயரங்கருக்கு மீசை பெரிது, நாடு சிறிது. சீமை உப்பு வந்து இறங்கியதில் பிழைப்பு போயிற்று என்று உப்பளத்துச் சனங்கள் சபையில் வந்து அழுதார்கள். "இன்று முதல் சீமை உப்புக்குத் தடை!" என்று முழங்கினார் ராஜா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கப்பல் கம்பெனித் துரை, "எங்களைக் கேட்காமல் தடை போடுவதில்லை என்பது ஒப்பந்தமாயிற்றே. மீறினால் ஒரு கப்பலும் உங்கள் துறைக்கு வராது" என்றார். ராஜா உத்தரவை அப்படியே விழுங்கிவிட்டார்.

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கத்தை மறைக்க, கட்டியம் கூறும் சடையன்மேல் பாய்ந்தார். "என் பட்டங்களை உரக்கச் சொல்லடா! ஒன்று விட்டாலும், ஒரு பொய் கலந்தாலும் உனக்கு நாக்கு இருக்காது!"

"ராஜாதி ராஜ, ராஜகம்பீர..." என்று தொடங்கிய சடையன் சட்டென நிறுத்தி, கைகட்டித் துரையின் பக்கம் திரும்பினான். "ஐயா, அடுத்தது 'கடலுக்கும் கரைக்கும் ஏக அதிபதி'. சொல்லலாமுங்களா?"

"என் பட்டத்துக்கு அவரை ஏனடா கேட்கிறாய்?" என்று கத்தினார் ராஜா.

"துறையும் நம்ம துறைதானே, மகாராஜா. அதில் சீமை உப்பைத் தடுக்கவே இவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் சொல்லி, அது பொய்யாகிவிட்டால் என் நாக்கல்லவா போகும்?"

ராஜா வாய் திறக்குமுன் துரை பெருந்தன்மையாகக் கையசைத்தார். "தாராளமாகச் சொல்லட்டும். அதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

ஒரு பட்டம் விடாமல், மண்டபம் அதிரச் சொல்லி முடித்தான் சடையன். அதுவரை ராஜா தலை நிமிரவே இல்லை.